பிளாஸ்திரி பிரிக்கும் அறை

உள்ளே மறுபடியும் அந்தச் சத்தம். சர்ரென்று, கோடித் துணியைக் கிழிக்கிற மாதிரி. இருளப்பன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். புதுப் பிளாஸ்திரியை உருளையிலிருந்து இழுக்கிற சத்தம்தான் அது, ஆள் மேலிருந்து இழுக்கிற சத்தம் இல்லை, உருளையிலிருந்து இழுத்தால்தான் இவ்வளவு கூர்மையாகக் கேட்கும், தோலிலிருந்து இழுத்தால் பிளாஸ்திரி சத்தம் போடாது, ஆள்தான் போடுவான். இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு ஆள் சத்தம் போட்டான். பெரிய சத்தம் இல்லை, மூச்சைப் பல்லிடுக்கில் இழுக்கிற சத்தம். கதவில் தொங்கிய பச்சைத் துணி காற்றாடிக் காற்றில் லேசாக உப்பித் தணிந்தது. அதன் அடியில் ஸ்டூலின் கால்களும் ஒரு நர்சின் வெள்ளைச் செருப்பும் தெரிந்தன. செருப்பு நகரவில்லை. நகராத செருப்பு என்றால் இன்னும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். முடியாமலே இருக்கட்டும். அந்த ஆளுக்கு இன்னும் ரொம்ப நேரம் ஆகட்டும். அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது, யாரோ பெற்ற பிள்ளை உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான், இவர் தன் முறை தள்ளிப்போக வேண்டுமென்று அவன் வலியை நீட்டிக்கச் சொல்கிறார். பக்கத்தில் சீனியம்மாள் மருந்துச் சீட்டுகள் வைத்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, காலில் சர்க்கரைப் புண்ணோடு வந்திருந்த ஒரு அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரவுக தீயணைப்புல இருந்தாகல்ல, நெருப்புக்குள்ளயே பாஞ்சு போவாக. ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போறப்பவே சிரிச்சுக்கிட்டுத்தேன் போனாக." அந்த அம்மாள் இருளப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மீசையைத் தடவினார். தடவிய விரல் ஈரமாக இருந்தது.

சட்டைக்குள் அது இருந்தது. தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி மேல்வயிறு வரைக்கும், குறுக்கே படி படியாக, ஒரு ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி. ஓரங்கள் சுருண்டு கறுத்துவிட்டன. வியர்வையும் பவுடரும் பனியன் நூலும் சேர்ந்து ஒரு கரிய பிசின் அந்த ஓரங்களில் கோடு கட்டியிருந்தது. அடியில் அரித்தது. சிரைத்த மார்மயிர் மறுபடி முளைக்கிறது, முளைக்க இடமில்லாமல் பசைக்குள்ளேயே மடங்கி மடங்கி வளர்கிறது, ஒவ்வொரு மயிரையும் அது கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கிறது. மூச்சை இழுத்தால் பிளாஸ்திரி இழுபடும், விட்டால் தளரும். இழுபடுவது அவருக்கு ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. மதுரையில் இதய ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் படம் வரைந்து காட்டியிருந்தார், நெஞ்செலும்பை நடுவில் வாளால் அறுப்போம், வேலை முடிந்ததும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிடுவோம், பயப்பட ஒன்றுமில்லை. கம்பி. வேலிக்குக் கட்டுகிற மாதிரி கம்பி. தும்மினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். தும்மலுக்கே தலையணை என்றால் அந்தக் கம்பியை எவ்வளவு நம்புவது? ஆகவே தன்னைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது கம்பி இல்லை, பிளாஸ்திரிதான் என்று எங்கேயோ ஓர் இடத்தில் அவர் முடிவு செய்துவிட்டார். முட்டாள்தனம் என்று தெரியும். காகிதமும் பசையும், அது எலும்பைப் பிடிக்குமா? தெரியும். ஆனால் மல்லாந்து படுத்திருக்கும்போது, யாரோ ஒருத்தர் அதன் முனையைக் கிள்ளி இழுக்க, நெஞ்சு நடுவில் பிரிந்து இரண்டு கதவுகளாகத் திறந்துகொள்வது கண்ணை மூடாமலே தெரிகிறது. அது இருக்கவும் கூடாது, போகவும் கூடாது. இருந்தால் அடியில் என்னவோ நடக்கிறது, போனால் எல்லாம் போய்விடும்.

என்னவோ நடக்கத்தான் செய்கிறது. வாசம் வருகிறது. நேற்றிலிருந்து வருகிறது, குனிந்தால் வருகிறது, மழையில் நனைந்து காயாத சாக்கு மாதிரி. போன முறை கட்டு மாற்ற வரவேண்டிய நாளில் உடம்பு கணகணவென்று இருக்கிறது என்று படுத்துக்கொண்டார். சீனியம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "மேலு சுடலையே" என்றாள். "உள்காய்ச்சல்" என்றார். அவள் நம்பிவிட்டாள். முப்பது வருஷமாக அவர் சொன்னதை நம்பிப் பழகியவள். சர்க்கரை இருக்கிற உடம்பு, புண்ணை ஈரமாக வைக்காதீங்க, சீழ் எலும்புக்குப் போச்சுன்னா மறுபடி திறக்க வேண்டியதாயிடும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுபடி திறப்பது. வாளை மறுபடி எடுப்பது. அந்தப் பயம் பெரிய பயம், நியாயமாகப் பார்த்தால் பிளாஸ்திரிப் பயத்தை அது விழுங்கியிருக்க வேண்டும். விழுங்கவில்லை. பெரியது தூரத்தில் நின்றது, சின்னது சட்டைக்குள் இருந்தது.

எல்லாம் முதலில் கட்டு மாற்றிய அந்தத் தம்பியால். தம்பியையும் குறை சொல்ல முடியாது, மதுரையில் அந்த வார்டில் ஒரே ஆளாக அத்தனை கட்டிலுக்கும் அவன்தான் ஓடிக்கொண்டிருந்தான். நல்ல பையன். சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா ஃபயர் சர்வீசா? அப்ப தாங்குவீங்க, ஒரே இழு, முடிஞ்சு போயிரும்" என்றான். தாங்குவீங்க என்று சொன்ன பிறகு எப்படித் தாங்காமல் இருப்பது? இருளப்பன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "இழு தம்பி" என்றார். இழுத்தான். முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் குளிர்ச்சி, ஜன்னலைத் திறந்த மாதிரி. பிறகுதான் தீப்பிடித்தது. தம்பி, "அச்சச்சோ" என்றான். அந்த அச்சச்சோவைத்தான் கேட்டிருக்கக் கூடாது. குனிந்து பார்த்தார். வலது பக்கம், காம்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து பளபளவென்று ஈரமாக இருந்தது. அங்கே இருந்த தோல் அங்கே இல்லை. தம்பியின் கையில் தொங்கிய பிளாஸ்திரியின் மறுபக்கத்தில் இருந்தது. மெல்லிசாக, வெங்காயத்தின் உள்சருகு மாதிரி, இரண்டு மயிர் அதில் நின்றுகொண்டிருந்தன. அவருடைய மயிர். "சாரிங்கய்யா, ஒங்களுக்குத் தோல் மெல்லிசா இருக்கு" என்றான். இருளப்பன் சிரித்தார். "போகட்டும் தம்பி, புதுசு முளைக்கும்." வார்டு முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் திறந்தபோது சோற்றின் மேல் பரவியிருந்த அப்பளத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். அதே இடத்தில்தான் மறுபடியும் பிளாஸ்திரி போட்டார்கள், கொஞ்சம் தள்ளி. தள்ளிப் போட்ட இடத்திலும் கொப்புளம் எழும்பியது. உடம்பில் இடம் கம்மியாகிக்கொண்டே வருகிறது.

பயம் தொடங்கியது அந்த அப்பளத்தில்கூட இல்லை. அதற்கும் முன்னாலே. அதற்குள் போகக் கூடாது என்று இருளப்பன் காற்றாடியைப் பார்த்தார், காற்றாடியின் ஒரு இறக்கையில் தூசி திட்டுத் திட்டாக அப்பியிருந்தது, வெள்ளைச் செருப்பு இன்னும் நகரவில்லை, சீனியம்மாள் மகள் வீட்டுக் கதைக்குப் போய்விட்டாள், சர்ர் என்று இன்னொரு முறை கேட்டது, அதற்குள் போய்விட்டார். வேலையில் இருந்த காலம், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. வண்டி போய்ச் சேரும்போது அறைகள் இருந்த இடத்தில் அறைகள் இல்லை. தண்ணீர் அடித்து முடிந்து புகை தரையோடு போய்க்கொண்டிருந்தது. வேலியோரம் ஒரு வேப்ப மரம், ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தது, கருகாத பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றாள். இருபத்தைந்து வயசு இருக்கலாம், முகத்தில் அலுமினியத் தூள் படிந்து வெள்ளியாக மின்னியது. "அண்ணே, செருப்பக் காணோம்ணே" என்றாள். "வாம்மா, செருப்பு கெடக்கட்டும்" என்று அவள் கையைப் பிடித்தார். கையுறை நனைந்து கனத்ததால் சற்று முன்னர்தான் கழற்றி வண்டியில் போட்டிருந்தார். முழங்கைக்குக் கீழே பிடித்து, மெதுவாகத்தான், தன் பக்கமாக இழுத்தார். கை வரவில்லை. கை அங்கேயே இருந்தது, கையின் மேலே இருந்தது மட்டும் வந்தது. விரல் நுனி வரைக்கும், நகத்தோடு, வழுக்கிக்கொண்டு அவருடைய உள்ளங்கைக்குள் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். "வலிக்கலண்ணே" என்றாள், அவருக்கு ஆறுதல் சொல்வது போல. அப்புறம் சட்டையைக் கழற்றி அவளைச் சுற்றி, முழங்காலுக்கடியில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போய் ஆம்புலன்சில் படுக்க வைத்தார், எல்லாம் செய்தார், செய்ய வேண்டியதில் ஒன்றையும் விடவில்லை. பிழைத்தாளா என்று கேட்கவில்லை. மறுநாள் பேப்பரை சீனியம்மாள் நீட்டியபோது வேண்டாம் என்றார். அதிலிருந்து அவருக்கு ஒன்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று. தோல் என்பது சும்மா ஒட்டி வைத்தது. இந்த அம்மாள், சீனியம்மாள், சீட்டு எழுதுகிற பிள்ளை எல்லோரும் அது தங்களுடையது என்று நினைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். ஒட்டினது எதுவும் உரியும். அதைவிடக் கெட்டியாக ஒட்டுகிற ஒன்று வந்தால் போதும்.

காலையில் குளியலறையில் தானே எடுத்துவிடலாமென்று பார்த்தார். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, தேங்காயெண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஓரத்தில் வைத்து வைத்து எடுத்தார், கரிய பிசின் கரைந்து விரலில் ஒட்டியது, நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினார், கிளம்பியது, ஒரு நெல் அளவு. அதன் அடியில் தெரிந்த தோல் வெளுத்து ஊறிச் சுருங்கி, தன்னுடையது போலவே இல்லாமல், தண்ணீரில் கிடந்த யாரோ ஒருவருடையது போல இருந்தது. எரிகிற வீட்டின் ஓட்டில் ஏறி நின்ற ஆள், அதற்கு மேல் கிளப்பவில்லை. "இன்னும் என்ன பண்றீக உள்ள?" என்று சீனியம்மாள் தட்டினாள். மூலையை மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டு வெளியே வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவள் முன்னால் சட்டையைக் கழற்றியதே இல்லை. கட்டு மாற்றும்போதெல்லாம் அவள் வெளியே பெஞ்சில்தான்.

வெள்ளைச் செருப்பு நகர்ந்தது. துணி விலகி ஒரு இளவட்டம் கையில் கட்டோடு வெளியே வந்தான், முகம் வெளிறியிருந்தாலும் சிரித்தான், இருளப்பனுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். "ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துடுறேன்" என்று எழுந்தார். சீனியம்மாள் தலையாட்டினாள். கால்கள் கழிப்பறைப் பக்கம் திரும்பவில்லை. சீட்டு கொடுக்கிற இடம், மருந்து வாங்குகிற கூட்டம், படி, வெயில். நாலெட்டு நடப்பதற்குள் மூச்சு வாங்கியது, ஆபரேஷனுக்கு நரம்பு எடுத்த இடது கால் விண்ணென்றது, ஒரு கை தானாகவே போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் கொட்டகை, தகரக் கூரையின் சூடு தலையில் இறங்கியது. வெளியே ஆட்டோக்காரர் ஒருவர், "பஸ் ஸ்டாண்டாய்யா?" என்றார். ஆமாம் என்று சொன்னால் போதும். வீட்டுக்குப் போய்விடலாம். போய்? நாளைக்கு வரலாம், நாளைக்கு வேறு யாராவது இருப்பார்கள், நாளைக்குள் தானாகவே விழுந்தாலும் விழுந்துவிடும், எத்தனை பேருக்குத் தானாகவே விழுகிறது. குனிந்து சட்டைக்குள் மூச்சு இழுத்தார். சாக்கு வாசம். வாள். மறுபடி திறப்பது. திரும்பிக் கட்டிடத்தைப் பார்த்தார். பச்சைத் துணி. கதவு போல இரண்டாகப் பிரியும் நெஞ்சு. கேட்டுக்கும் படிக்கும் நடுவே, போகவும் முடியாமல் வரவும் முடியாமல், யாருடையதோ ஒரு மொபெட்டின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது கொதித்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"இங்க என்ன பண்றீக? பேரக் கூப்பிட்டாச்சு." சீனியம்மாள் மஞ்சள் பையோடு வெயிலில் நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், மேல்மூச்சு வாங்கியது.

"காத்தாட நின்னேன்."

"இந்தத் தகரத்துக்குக் கீழயா?" அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். "என்னங்க? நெஞ்சு வலிக்குதா? ஆளக் கூப்பிடவா?"

"வலிக்கல."

"பெறகு?"

இருளப்பன் வாயைத் திறந்தார். தகரம் எங்கோ டங்கென்று விரிந்தது. "எனக்குப் பயமா இருக்கு சீனி."

அவள் சிரித்தாள். கேலி என்று நினைத்துவிட்டாள், அவர் சாமியாடுகிற மாதிரி, கரப்பானுக்குப் பயந்த மாதிரி எல்லாம் நடித்துக் காட்டுகிற ஆள்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "எதுக்கு?"

"அதப் பிய்க்கிறதுக்கு. போன தடவ தோலோட வந்துருச்சு. ஒன்கிட்டச் சொல்லல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. வேப்ப மரத்தையும் செருப்பையும் கையையும் சொன்னார், வெயிலில், ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, முன்னும் பின்னுமாக, அந்தப் பெண் வலிக்கலண்ணே என்று சொன்னதை இரண்டு தடவை சொன்னார். சீனியம்மாள் மொபெட் சீட்டிலிருந்து அவருடைய கையை எடுத்து, சிவந்திருந்த உள்ளங்கையை முந்தானையால் ஒற்றினாள். "வாங்க" என்றாள். "நானும் உள்ள வர்றேன்."

பெஞ்சு, கூட்டம், பச்சைத் துணி. நர்சுக்கு நாற்பது வயசிருக்கும், சட்டையில் ஜெபராணி என்று எழுதியிருந்தது. "எங்கய்யா போயிட்டீங்க? சட்டையக் கழத்துங்க, படுங்க. அம்மா, நீங்க வெளிய இருங்க." சீனியம்மாள் நகரவில்லை. "இவுகளுக்குப் பயமா இருக்காம். போன தடவ தோல உரிச்சு விட்டுட்டாக. மெள்ள எடும்மா." சாதாரணமாகத்தான் சொன்னாள், ஆனால் அவளுக்குச் சாதாரணக் குரலே உரத்த குரல். வெளியே சர்க்கரைப் புண் அம்மாளின் பேச்சு நின்றது. இருளப்பனுக்குக் காது சூடேறியது, கண்ணை மூடிக்கொண்டு பித்தானைக் கழற்றினார். கண்ணைத் திறந்தபோது சீனியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஏணியை, கறுத்த ஓரங்களை, பக்கத்தில் ஆறாமல் மினுங்கிய சிவப்பை. அவள் உதடு ஒரு தடவை உள்ளே மடிந்து வெளியே வந்தது. "இத வச்சுக்கிட்டா என்கிட்ட ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னீக?" என்றாள்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். "ரொம்ப நாளு விட்டுட்டீங்க. பிளாஸ்திரியும் ஒங்களுக்கு ஒத்துக்கல." ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மருந்தை ஊற்றிப் பஞ்சை நனைத்தாள். "ஐயா, நான் ஒரு ஓரமாத்தான் எடுப்பேன். ஒங்களுக்கு எப்ப நிறுத்தணும்னு தோணுதோ, நிறுத்துன்னு சொல்லுங்க. நிறுத்திருவேன்."

சொல்வார்கள். எல்லோரும் சொல்வார்கள். இருளப்பன் விட்டத்தைப் பார்த்தார். ஈரம் முதல் ஓரத்தில் பட்டது, குளிர்ச்சி, அந்தக் குளிர்ச்சியைத் தெரியும், அதற்குப் பின்னால் என்ன வரும் என்றும் தெரியும். கால் விரல்கள் மடங்கின. ஒரு விரல் தோலை அழுத்திப் பிடித்தது, இன்னொரு கை பிளாஸ்திரியை மேலே தூக்காமல், பாயைச் சுருட்டுவது போல அதன் மேலேயே மடக்கிக் கொண்டுபோனது. மயிர் ஒவ்வொன்றாக விடுபடுவது தெரிந்தது. இப்போது இழுக்கும். இந்த மயிரோடு இழுக்கும். இதோ. இதோ. கதவு இரண்டும் பிரியப்போகிறது, அவள் பார்க்கப்போகிறாள், சீனி, வெளியே போ, உள்ளே இருப்பது எல்லாம் இவள் கண் முன்னால்.

"நிறுத்து!"

அறை முழுக்கக் கேட்டது அது. கை நின்றது.

நின்றேவிட்டது. அங்குலம்கூட நகரவில்லை. நர்ஸ் பஞ்சைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே வரிசை இருந்தது, யாரோ இருமினார்கள், அவள் அவசரப்படவில்லை. இருளப்பன் காத்திருந்தார், இன்னும் கொஞ்சத்தில் அவள் பொறுமை போய் இழுத்துவிடுவாள் என்று. இழுக்கவில்லை. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. நெஞ்சு ஒன்றாகத்தான் இருந்தது. சீனியம்மாளின் கை அவர் தோளில் இருந்தது, எப்போது வந்ததென்று தெரியவில்லை.

"ம்" என்றார். "இப்ப எடு தாயி."

கை நகர்ந்தது. ஈரம், விரல், மடிப்பு. ஒரு படி வந்துவிட்டது. அடுத்த படி. ஓரிடத்தில் சுரீரென்றது, சீனியம்மாள், "லேசா வந்திருக்கு, நகத்தளவுதேன்" என்று உள்ளதைச் சொன்னாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டார். கட்டுத்துணி ஈரத்தோடு வந்தது, நாற்றம் ஒரு கணம் அறையில் எழும்பியது. "அடியில கொஞ்சம் கசியுது, டாக்டர் பாத்துருவாரு. எலும்புப் பக்கம் கெட்டியா இருக்கு. இனிமே ஒட்டு வேணாம், துணியச் சுத்திக் கட்டிவிடுறேன்" என்றாள் நர்ஸ். கடைசிப் படி மட்டும் பாக்கி இருந்தது, வயிற்றுக்கு மேலே, நல்ல தோலில். அதை அவள் தொட்டாள். வலிக்கவில்லை. எரியவில்லை. ஒன்றுமே இல்லை.

"நிறுத்தும்மா" என்றார் இருளப்பன், சொன்னால் நிற்கிறதா என்று இன்னொரு தடவை பார்க்க.

கை மறுபடியும் நின்றது.